முழங்கை மோரக்

கிளென்பாரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது. பெயருக்குப் பஞ்சமான ஊர் அது. தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் ஆங்கஸ் மெக்டானல்டு மட்டும் ஏழு பேர். அதனால் ஒருவர் தோணித்துறை ஆங்கஸ், இன்னொருவர் கடிகார ஆங்கஸ், மூன்றாமவர் செம்பட்டை ஆங்கஸ். துறையில் தோணி நின்று முப்பது வருஷம் ஆகிறது. ஊரில் முதல் கடிகாரம் வாங்கியவர் கடிகார ஆங்கஸின் கொள்ளுத்தாத்தா. செம்பட்டை ஆங்கஸுக்கோ முழு வழுக்கை. ஒரு குடும்பத்தைப் பாலத்துக்காரர்கள் என்பார்கள். அந்தப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய் ஐம்பது வருஷம். பெயர் மட்டும் ஆடாமல் நிற்கிறது.

கோ-ஆப் கடை பேக்கரியில் ரொட்டி சுடும் மோரக்கை நான்கு வருஷமாக ஊர் ‘முழங்கை மோரக்’ என்று கூப்பிட்டு வந்தது. எல்லாம் ஒரே ஒரு புகைப்படத்தால் வந்த வினை.

பாலத்துக்கார வீட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கை ஒன்பது பேர். ஆல்பர்ட்டாவில் இரண்டு, பாஸ்டனில் ஒன்று, ஹாலிஃபாக்ஸில் மூன்று என்று சிதறிக் கிடப்பவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பேரும் ஒரே நாளில் வீட்டில் இருக்க நேர்ந்தது. கடைக்குட்டி பெகி, மோரக்கின் தோழி. “எங்களை ஒரு படம் எடுத்துக் குடுடி” என்றாள். மோரக்கிடம் ஒரு கேமராவும், அதோடு கூடவே வந்த சாதாரண ஜூம் லென்ஸும் இருந்தன. சமையலறையிலே எல்லாரையும் நிறுத்தினாள். பின்னால் போனாள், இன்னும் போனாள், சாமான் அறைக்குள் போய் மாவு டப்பாவில் முதுகு இடிக்கும் வரை போனாள். படம் வந்தது. ஏழு பேர் இருந்தார்கள். இடது ஓரத்தில் தெரேசா பாதி. வலது ஓரத்தில் ஜோவின் முழங்கை மட்டும். போதாக்குறைக்கு எல்லார் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் கலங்கிக் கிடந்தது.

பாலத்துக்காரர்கள் அதைத் தூக்கி எறிந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டி, “இது ரானல்டு, இது ஹ்யூகி, இது அரை தெரேசா, இது ஜோவோட முழங்கை” என்று சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலிலேயே மோரக்குக்குப் பெயர் விழுந்துவிட்டது.

அவள் கூச்ச சுபாவி. யாராவது கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் இந்த செப்டம்பரில், ஆறு வயது மகள் எய்லி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

“அம்மா, முழங்கைங்கிறது நம்ம குடும்பப் பேரா?”

“யாரு சொன்னா?”

“கிளாஸ்ல மூணு எய்லி. ஒருத்தி எய்லி பாலம். ஒருத்தி எய்லி கடிகாரம். அப்ப நான் எய்லி முழங்கைதானே?”

தான் போனபிறகும், எய்லியின் பிள்ளைகள் போனபிறகும், யாரோ ஒரு முழங்கை ஆங்கஸ் இந்த ஊரில் காரணம் தெரியாமல் திரிவான் என்று மோரக்குக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெகி சொன்னாள்: அக்டோபரில் வான்கோழி விருந்துக்கு ஒன்பது பேரும் மறுபடி வருகிறார்களாம். ரானல்டுக்கு அடுத்த விடுமுறை எப்போதென்று அவனுக்கே தெரியாதாம்.

“இந்த வாட்டி முழுசா எடுத்துடுடி. தெரேசா கால்ல விழுந்து கேக்கறா. அவ புருஷன் நாலு வருஷமா அவளை ‘என் பாதி’ன்னு கூப்பிடறானாம்.”

“வெளில நிறுத்தி எடுத்தா என்ன? வெளிச்சமா இருக்கும்.”

“வெளிலயா? அக்டோபர்லயா? அப்புறம் ஒன்பது தொப்பியும் ஒன்பது சிவப்பு மூக்கும்தான் வரும்.”

“முன்னறையில?”

பெகி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். முன்னறை, பாதிரியார் வந்தால் உட்கார. யாராவது செத்தால் கிடத்த. அங்கே போய் யாராவது சிரிப்பார்களா? படம் என்றால் சமையலறைதான். அங்கே மேஜைக்கு மேல் ஒற்றை மஞ்சள் விளக்கு. ஃப்ளாஷும் அடிக்கக் கூடாது. ஒரு முறை யாரோ அடித்ததில் ஹ்யூகி பாதி மெட்டில் ஃபிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நடனம் நின்ற கோபம் ஊருக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் மோரக் ஒரு மாதமாகக் கணினியே கதியென்று கிடந்தாள். அவள் படித்த இடங்களிலெல்லாம் ஒரே விடைதான் சொன்னார்கள்: சின்ன அறை, மங்கிய வெளிச்சம், ஆடுகிற ஆட்கள் என்றால் இருபத்துநாலு மில்லிமீட்டர் அகலக் கோணம், வாய் 1.4 வரை அகலத் திறந்து வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ். அந்தக் கேமராக்காரர்கள் லென்ஸ் என்று சொல்வதில்லை. கண்ணாடி என்பார்கள். ‘நல்ல கண்ணாடி’, ‘வேகமான கண்ணாடி’. படித்துப் படித்து மோரக்குக்கும் அதே பேச்சு வந்துவிட்டது.

“என்ன, உன் கண்ணாடிக்காரங்க என்ன சொல்றாங்க?” என்றான் அவள் கணவன் லாக்கி, வலை தைத்துக்கொண்டே. நண்டு, இறால் என்று கடலோடு வாழ்கிறவன். பேச்சில் உப்பு அதிகம்.

“வாங்கச் சொல்றாங்க.”

“அப்ப வாங்கு.”

“யோசிக்கணும் லாக்கி.”

“போன வருஷம் நான் புது மோட்டார் வாங்கினப்ப நீ ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னேன்.”

அவன் ஊசியை நிறுத்தி யோசித்தான். “ஆமா, சொன்னே. நெறையவே சொன்னே. சரி, அதுக்குப் பதிலா நான் ஒண்ணும் சொல்லல. வாங்கு.”

அவளைத் தயங்கவைத்தது காசு அல்ல. அந்த லென்ஸில் ஜூம் கிடையாது. தூரத்தில் நின்றுகொண்டு ஆட்களைக் கிட்டே இழுக்க முடியாது. கிட்டே வேண்டுமென்றால் காலால் நடந்து கிட்டே போகவேண்டும். எல்லார் நடுவிலும், எல்லாரும் பார்க்க. மோரக் இதுவரை எடுத்த படமெல்லாம் கதவோரத்திலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் எடுத்தவை. ஜூம்தான் அவளுக்கு முக்காடு.

இன்னொன்றும் இருந்தது, அதை லாக்கியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதைக்குப் படம் கெட்டதென்றால் லென்ஸ் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல லென்ஸை வாங்கி, அதிலும் கெட்டுப்போனால்? அப்புறம் முழங்கைப் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில், வியாழக்கிழமை, உள்ளூர் விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. ‘24, அகலம், 1.4, பழுதில்லை. ஆங்கஸ் மெக்டானல்டு, கிளென்பார்.’ அவ்வளவுதான். நம்பர் இல்லை. கிளென்பாரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே, நம்பர் எதற்கு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

மோரக் பெகிக்குப் போன் போட்டாள். பின்னால் ஏழெட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. பாலத்துக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

“பெகி, ஆங்கஸ் மெக்டானல்டு ஒரு அகலக் கண்ணாடி விக்கிறாராமே, எந்த ஆங்கஸ்?”

“தோணித்துறை ஆங்கஸ்!” என்று பெகி உடனே சொன்னாள். “நம்பர் எழுதிக்கோ... டேய் ஜோ, அந்த வாணலியை வைடா கீழே... எழுதிக்கிட்டியா? உனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னைக்குத்தான் பாத்தேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். புது லென்ஸோடு போய் அசத்தலாம் என்று ஓர் ஆசை. விளக்கமாகச் சொல்லவில்லை.

தோணித்துறை ஆங்கஸுக்குப் போன் போட அரை மணி நேரம் தைரியம் சேர்த்தாள்.

“யாரு?”

“நான் மோரக்.”

“எந்த மோரக்?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. “லாக்கியோட மோரக்” என்றாள்.

“எந்த லாக்கி? சரி விடு, என்ன விஷயம்?”

“அந்தக் கண்ணாடி... பெகி சொன்னா. இன்னும் இருக்கா?”

“ஓ, அதுக்கா! இருக்கு, இருக்கு. காலைலதான் துடைச்சு வெச்சேன்.”

“இருபத்துநாலுதானே?”

“இருபத்துநாலேதான். நானே அளந்து பாத்தேன்.”

எதற்கு அளந்தார் என்று மோரக்குக்குப் புரியவில்லை. சில பேர் எல்லாவற்றையும் சோதித்துத்தான் பார்ப்பார்கள்.

“கீறல் ஏதாவது உண்டுங்களா?”

“ஒரு மூலைல சின்னதா ஒண்ணு. பூனை பண்ணின வேலை. சட்டத்துக்குள்ள வந்துட்டா தெரியாது.”

படத்தில் தெரியாதென்றால் சரிதான். “வெளிச்சம்? மங்கலா இருந்தாலும் போதுமா?”

“அம்மாடி, வெளிச்சத்தைப் பத்தி மட்டும் கேக்காதே. டிசம்பர் மாசம் நாலு மணிக்குக்கூட எங்கம்மா இதுகிட்ட உக்காந்துதான் ஊசில நூல் கோப்பா.”

மோரக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1.4 என்றால் 1.4தான்! “மாட்டறது கஷ்டமா?”

“நாலு ஸ்க்ரூ. உன் வீட்டுக்காரன் பண்ணிடுவான். நீ ஒருத்தியா மட்டும் வராதே, கனமா இருக்கும்.”

வேகமான லென்ஸ்கள் கனம் என்று அவளும் படித்திருந்தாள். போனை வைத்துவிட்டு லாக்கியிடம், “நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டணுமாம்” என்றாள்.

“கேமராவுலயா?”

“ஒரு அடாப்டர் இருக்கும்போல.”

மறுநாள் கிளம்பும்போது லாக்கி வண்டிப் பெட்டியிலிருந்து சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்து முன் சீட்டில் வைத்துக்கொண்டான்.

தோணித்துறை ஆங்கஸ் வாசலிலேயே நின்றார். எழுபது வயது, கால் முட்டிவரை ரப்பர் பூட்ஸ். “வாங்க வாங்க” என்று கொட்டகைக்கு அழைத்துப்போய், பழைய கம்பளியை ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே சுவரில் சாய்ந்து நின்றது, ஒரு ஜன்னல். இருபத்துநாலு அங்குல உயரம், ஆறடி அகலம், பளபளவென்று, மூலையில் பூனை நகக் கீறலோடு.

மூவரும் அதில் தெரிந்தார்கள். மோரக் அதில் தன் முகம் சிவப்பதைப் பார்த்தாள்.

“அகலமா இருக்குல்ல?” என்றார் ஆங்கஸ் பெருமையோடு.

லாக்கி முகத்தை வெகு பிரயத்தனப்பட்டு நேராக வைத்துக்கொண்டான். “மோரக், கேமராவைக் கொண்டா. நான் ஸ்க்ரூ போடறேன்.”

“கேமராவா?” என்றார் ஆங்கஸ். “பாலத்துக்கார வீட்டு கிச்சனுக்குன்னு ரானல்டு சொன்னானே? நாளைக்கு முன்னாடி வேணும்னான். நீ பெகி சொன்னான்னதும் அவங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன்.”

மோரக் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். லென்ஸ் என்றாள், விற்பனைப் பக்கம் என்றாள், ஆங்கஸ் மெக்டானல்டு என்று போட்டிருந்தது என்றாள். கேட்கக் கேட்க அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“ஐயோ... பூனை கீறினது படத்துல தெரியாதுன்னு நெனச்சுட்டியா? ஐயோ!” கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். “இரு, கேமராவா... நீ முழங்கை மோரக்கா?”

“ம்.”

“அதை மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா பொண்ணே! முழங்கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேமரா சமாச்சாரம், நான் இல்லே, கடிகார ஆங்கஸ்னு அப்பவே சொல்லியிருப்பேனே! எதுக்குப்பா ஊர்ல பேர் வெக்கறாங்க?”

மோரக் கடிகார ஆங்கஸின் வீட்டுக்கு வழி கேட்டாள்.

“அவன் நாலாவது வீடுதான். போறதுதான் போறீங்க, இந்த ஜன்னலையும் வண்டில ஏத்திட்டுப் போய் ரானல்டுகிட்ட எறக்கிடுங்க” என்றார் ஆங்கஸ். லாக்கியின் சுத்தியலும் திருப்புளியும் வீண்போகவில்லை. ஜன்னலோடு ஒட்டியிருந்த பழைய சட்டத்தைக் கழற்ற அவை தேவைப்பட்டன.

கடிகார ஆங்கஸ் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி. லென்ஸ் ஒரு சாக்ஸுக்குள் இருந்தது. அவர் அதை மேஜைமேல் வைத்ததும் மோரக் குனிந்து பார்த்தாள். முன்கண்ணாடி ஒரு குட்டையில் வானம் கிடப்பதுபோல ஊதாவும் பச்சையுமாக இருந்தது. கையில் எடுத்தாள். உள்ளங்கையில் சரியான கனம், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த சின்ன ரொட்டி போல.

“ஏன் விக்கறீங்க?” என்றாள்.

“நட்சத்திரம் எடுக்க வாங்கினேன். எங்க வயல்ல மல்லாந்து படுத்துக்கிட்டு எடுத்தேன். நான் செத்துக் கிடக்கேன்னு பக்கத்து வீட்டம்மா பாதிரியாருக்குப் போன் பண்ணிட்டா. அவரும் சாகறவங்களுக்குப் பூசற எண்ணெயை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டார். மறுபடியும் வயலுக்குப் போனா, பாதிரியார் பாதில விட்டதை நானே முழுசா முடிச்சுடுவேன்னு எம் பொண்டாட்டி சொல்லிட்டா.” அவர் சிரிக்காமல் சொன்னார். “எண்ணூறு டாலர் கேக்கறேன். ஆனா நீ இப்ப வாங்காதே.”

“ஏன்?”

“உனக்கு ஒத்துவருதான்னு பாரு. இது பிடிவாதக் கழுதை. தானா நகராது, நீதான் நகரணும். திங்கட்கிழமை வரைக்கும் வெச்சுக்கோ. பிடிச்சா போன் பண்ணு, இல்லேன்னா சாக்ஸோட திருப்பிக் குடு. சாக்ஸ் முக்கியம், அது ஜோடி.”

வண்டியில் ஜன்னல் பின்னால் கிடந்தது, லென்ஸ் மடியில் இருந்தது. “ரெண்டு கண்ணாடியோட வீட்டுக்குப் போறோம்” என்றான் லாக்கி. “ஒண்ணுகூட நம்மளுது இல்லே.”

சனிக்கிழமை காலையில் ரானல்டு சமையலறைச் சுவரில் புது ஜன்னலை மாட்டினான். ஒன்பது பேரும் ஒன்பது விதமாக யோசனை சொன்னார்கள். அதனால் அரை மணி வேலை நாலு மணி நேரம் ஆனது. ஏழு மணிக்கு மோரக் குடும்பத்தோடு போனபோது வெளியே இருட்டிவிட்டது. உள்ளே விறகடுப்பு கணகணத்தது. மேஜையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் ஓட்ஸ் ரொட்டியும் கரும்புப்பாகு மொலாசஸ் கேக்கும் உப்புக்கண்டமும் பரப்பியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது ஜன்னலின் முழு அகலத்துக்கும் சமையலறை இன்னொரு முறை பிரதிபலித்தது.

“வந்துட்டா முழங்கை!” என்றான் ஜோ, தன் முழங்கையை நீட்டி. “இந்த வாட்டி எது வேணும்? இடதா, வலதா?”

“சும்மா இருடா” என்றாள் தெரேசா. “மோரக், கண்ணு, நான் எங்கே நிக்கட்டும்? நடுவுல நிக்கறேனே?”

முதலில் நிறுத்தித்தான் எடுத்துப் பார்த்தாள். மோரக் சாமான் அறை வாசலில் நின்றுகொண்டு, “அகலக் கோணம், அதனால ஓரத்துல நிக்கறவங்க மட்டும் கொஞ்சம்...” என்றாள்.

“கொஞ்சம்?”

“கொஞ்சம் அகலமாத் தெரிவாங்க.”

அவ்வளவுதான். ஓரத்தில் நின்ற இருவரும் நடுவுக்குப் பாய்ந்தார்கள். ஓரம் காலியாக, அடுத்த இருவர் ஓரமானார்கள், அவர்களும் பாய்ந்தார்கள். தெரேசா தள்ளுமுள்ளில் மறுபடி ஓரத்துக்கே வந்து சேர்ந்தாள்.

“போன வாட்டி அரை தெரேசா” என்றான் ஹ்யூகி. “இந்த வாட்டி ஒண்ணேகால் தெரேசா. கணக்கு நேராயிடும்.”

“உன் ஃபிடிலை அடுப்புல போட்டுடுவேன்டா!”

கெண்டி கொதித்துப் பொங்கியது. பெகி ஓடினாள். அவளைத் தேடி ஒருத்தி போனாள். ஒன்பது பேர் ஒரு நிமிஷம் சேர்ந்து நிற்பது இந்த வீட்டில் ஆகாத காரியம் என்று தெரிந்தது. படம் எதிலும் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. ஹ்யூகி அலுத்துப்போய் சாமான் அறைக் கதவையொட்டி இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபிடிலை எடுத்தான். குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டினான்.

வில் கம்பியில் பட்டதுமே வீடு மாறிவிட்டது. அண்ணன் தங்கைகள் எட்டுப் பேரும், யாரும் சொல்லாமலே, நாலு ஜோடியாகச் சதுரம் கட்டி நின்றார்கள். அந்த ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும்; வாசிக்க ஒருவர். பாலத்துக்காரர்கள் ஒன்பது பேர். ஊர் சொல்லிச் சிரிக்கும்: அவங்கம்மா எண்ணித்தான் பெத்தாள் என்று.

மோரக்குக்கு அப்போது சட்டென்று தெரிந்தது. படம் இதுதான். ஒன்பது பேரும் ஓடாமல் ஒரே இடத்தில் இருப்பது, ஆடும்போது மட்டும்தான்.

சாமான் அறை இருட்டிலிருந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள். இருபக்கமும் கதவுச் சட்டம் கறுப்பாக மறைத்தது. நடுவே எட்டுப் பேரும் கடுகு கடுகாகத் தெரிந்தார்கள். ஹ்யூகி கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அவனே தெரியவில்லை. வில் இழுக்கும் அவன் முழங்கை மட்டும் ஓரத்தில் வந்து வந்து போனது.

மறுபடியும் முழங்கை.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழக்கத்தில் கை லென்ஸைத் திருகியது. திருகினால் என்ன, ஜூம்தான் இல்லையே. பிடிவாதக் கழுதை அசையாது. அறையை முழுசாகப் பார்க்க ஒரே இடம்தான் இருந்தது: எதிர்மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், விறகுப் பெட்டிக்கு மேலே. அங்கிருந்து பார்த்தால் கோணலாக எட்டுப் பேரும், அவர்களுக்குப் பின்னால் கதவோரம் ஹ்யூகியும் விழுவார்கள். ஆனால் அங்கே போக, ஆட்டத்தின் நடுவே கடந்து போகவேண்டும். மாடிப்படியில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எய்லி கடைசிப் படியில் அப்பாவின் காலுக்கிடையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தாள்.

“மோரக்!” என்று ஹ்யூகி வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கத்தினான். “அங்கே என்ன, மாவு டப்பாவையா படம் எடுக்கறே?”

படியில் எல்லாரும் சிரித்தார்கள். எய்லியும் சிரித்தாள்.

மோரக் வெளியே வந்தாள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆற்றில் இறங்குவதுபோல, ஒரு காலை வைத்தாள். இரண்டாவது காலை வைப்பதற்குள் ரானல்டு அவளைப் பார்த்துவிட்டான். ஆல்பர்ட்டாவில் லாரி ஓட்டுகிறவன், கை உலக்கை மாதிரி. “வாடி வா!” என்று அவள் முழங்கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினான். அங்கிருந்து ஜோ பிடித்தான். ஜோவிடமிருந்து தெரேசா. தரை அதிர்ந்தது, விளக்கு மஞ்சளாக ஓடியது. யார் யாருடைய வியர்வையோ முகத்தில் பட்டது. வெட்கப்பட நேரமே இல்லை. ஒரு மூச்சில் அவள் மறுகரை சேர்ந்து, விறகுப் பெட்டிமேல் ஏறி நின்றாள். முதுகில் அடுப்பின் அனல்.

தலைக்கும் கூரைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. கேமராவை இரண்டு கையாலும் தலைக்குமேல் உயர்த்தி, திரையை மட்டும் பார்த்தாள். எல்லாம் உள்ளே இருந்தது. எல்லாம். ஒற்றை விளக்கு போதுமென்று அந்த லென்ஸ் வெளிச்சத்தைக் குடித்தது. நாலு ஜோடியும் கைகோத்து நடுவை நோக்கி ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். தெரேசா நடுவில் வாயைத் திறந்து கத்தினாள். ஹ்யூகி வில்லை ஓங்கினான். மோரக் அழுத்தினாள். பிறகு இன்னும் நாற்பது முறை அழுத்தினாள். அந்த முதலாவதுதான் படம் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

மெட்டு முடிந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னத் திரைமேல் ஒன்பது தலை குனிந்தது. பெகி விரலால் எண்ணினாள். “ரானல்டு, நான், ஜோ... ஏழு, எட்டு, ஹ்யூகி ஒன்பது. ஒன்பது! முழுசா! கால் பாதம்கூட இருக்கு!”

“முழு தெரேசா!” என்றாள் தெரேசா. “கூடவும் இல்லே, குறையவும் இல்லே!” அப்படியே மோரக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அவள் சட்டையெல்லாம் மொலாசஸ் ஆக்கினாள்.

“அப்ப இனிமே முழங்கை இல்லே” என்றான் லாக்கி, படியிலிருந்து. “வேற பேர் யோசிங்கப்பா.”

எய்லி எல்லார் கால்களுக்கும் நடுவே புகுந்து வந்து அம்மாவின் கையைக் கீழே இழுத்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேக் ஒட்டிய விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள்.

“அம்மா, இது யாரோடது?”

ஆடுகிறவர்களின் தலைகளுக்குமேல், தோணித்துறை ஆங்கஸின் அகலக் கண்ணாடியில், இருண்ட ஜன்னலின் நடு மத்தியில், ஒன்று தெரிந்தது. அடுப்பு வெளிச்சம் பட்டு, ரொம்பத் தெளிவாக, துல்லியமாக, மடங்கி மேலே தூக்கி நின்றது. ஒரு முழங்கை. மீதி மோரக்கைத் தெரேசாவின் தலை மறைத்துவிட்டது.

ஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஹ்யூகி ஃபிடிலை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினான். மோரக் படத்தைப் பார்த்தாள். அந்த வீட்டார் ஒன்பது பேரோடு அந்த அறையில் தானும் இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அவள் சிரித்தாள், முதலில் கையால் வாயை மூடிக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு. மாடிப்படியில் கடைசி ஆள் வரை கேட்கச் சிரித்தாள்.

“அப்ப நான் எய்லி முழங்கைதானே?” என்றாள் எய்லி. அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

“ஆமாடி. பயப்படாம சொல்லு.”

திங்கட்கிழமை காலை, ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, மோரக் பேக்கரிப் போனை எடுத்தாள். தைரியம் சேர்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“யாரு?” என்றார் கடிகார ஆங்கஸ்.

“மோரக்.”

“எந்த மோரக்?”

“முழங்கை மோரக்” என்றாள். “கண்ணாடியை நானே வெச்சுக்கறேன். சாக்ஸை மட்டும் சாயங்காலம் காசோட கொண்டுவந்து தரேன்.”